தட்டில் விழுந்த தோடு

பெரியம்மை தோட்டைக் கழற்றித் தட்டில் போட்டபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து ஓலைக் கொட்டகை. மழை விட்டு வெயில் அடித்தது. நனைந்த கூரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கொட்டகை முழுக்கப் பெண்கள்.

பித்தளைத் தட்டு ஒன்று கைக்குக் கை மாறி வந்தது. ஒருத்தி மெட்டி போட்டாள். ஒருத்தி மூக்குத்தி போட்டாள். எங்கள் முன்னால் வந்ததும் பெரியம்மை மடியைத் தடவினாள். ஒன்றும் இல்லை. கை தானாக மேலே போனது. முதலில் வலது காது. பிறகு இடது காது. இரண்டு தோடும் தட்டில் விழுந்தன. இரண்டு சத்தமும் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தை நடத்திய எஸ்தர் டீச்சர் அழுதுவிட்டார்.

நான் பயந்தேன். அந்தத் தோடு பெரியம்மையின் காதை விட்டு இறங்கினால், கோயிலில் அவள் இடத்தில் நிற்க வேண்டியவள் நான்.

தெற்குத் தெரு

ஆஸ்பத்திரியில் துணி அலசிய காலத்தைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதினேன். என் படத்தைப் பார்த்த ஒரு பெண், உங்கள் காதில் என்ன தழும்பு என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அதைச் சொல்ல இங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு நாஞ்சில் நாட்டில் ஒரு பெரிய கோயிலுக்குத் தெற்குத் தெருவில் இருந்தது. கோயில் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் குடிக்காரிகள். வடக்கே தேவதாசி என்பார்கள். கோயிலுக்கென்று பொட்டுக் கட்டிக்கொண்ட பெண்கள். காலையும் மாலையும் சாமி முன்னால் விளக்கு எடுக்க வேண்டும். திருவிழாவில் ஆட வேண்டும். கல்யாணம் கிடையாது. பதிலுக்கு ஒரு வீடு உண்டு. தினமும் மடைப்பள்ளியிலிருந்து பட்டை என்கிற ஓர் அளவுச் சோறு உண்டு. அந்த வாழ்க்கையில் மற்றது என்ன உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். நான் எழுத வேண்டியதில்லை.

என்னைப் பெற்றவள் நான் பால்குடி மறக்கும் முன்னே போய்விட்டாள். அவளுக்கு மூத்தவள் செண்பகம். அவள்தான் என்னை வளர்த்த பெரியம்மை.

ஊரில் கல்யாணம் என்றால் பெரியம்மையைக் கூப்பிடுவார்கள். சாமிக்கு வாக்கப்பட்டவள் விதவையாக மாட்டாள் அல்லவா. அதனால் தாலிக்கு மணி கோக்க அவள் கைதான் வேண்டும். கோத்து முடிந்ததும் அதே வீட்டில் பின்வாசல் வழியே அவளுக்கு இலை போடுவார்கள். பெரியம்மை இதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "பாயசம் முன்வாசலிலும் பின்வாசலிலும் ஒண்ணுதாம் பிள்ளே" என்பாள்.

அந்த வீட்டின் வாசனை இன்னும் எனக்குள் இருக்கிறது. கற்பூரம், நல்லெண்ணெய், வாடின பிச்சிப்பூ. கோயில் சோறு வரும்போது வாழை இலை வெந்த மணம். மார்கழியில் பழையாற்றுப் பக்கமிருந்து பனி வரும். பெரியம்மை ஈரத்தலையோடு விளக்கு எடுக்கப் போவாள். நான் அவள் படுத்திருந்த பாயின் சூட்டில் உருண்டு படுப்பேன். கெட்ட இடம் என்று பிற்பாடு எல்லோரும் சொன்ன வீடு அது. நான் அங்கே நன்றாகத் தூங்கினேன்.

காது

பெரியம்மையின் தோடு ரூபாய் வட்டத்தைவிடப் பெரியது. சிவப்புக் கல் வைத்தது. காதின் தொங்கு ஓட்டைக்குள் அடைத்தது போல நிற்கும்.

எங்களில் வயதான ஒருத்திக்கு இனி முடியாது என்று வந்தால், சாமி முன்னாலோ மகாராஜா முன்னாலோ போய்த் தோட்டைக் கழற்றி வைப்பாள். தோடு வைத்தல் என்று அதற்குப் பெயர். அன்றோடு அவள் வேலை முடிந்தது. அவளைத் தாய்க்கிழவி என்பார்கள். பிறகு அந்த வீட்டுப் பெண் ஒருத்தி பொட்டுக் கட்டி அவள் இடத்துக்கு வர வேண்டும். பெண் வராவிட்டால் வீடும் சோறும் போய்விடும். வைத்த தோட்டைத் திரும்பப் போட்டவள் கிடையாது.

எனக்கும் சின்ன வயதிலேயே காது குத்தி வளர்த்தார்கள். முதலில் பஞ்சு, பிறகு ஓலைச்சுருள், பிறகு குணுக்கு. குணுக்கு என்பது ஈய வளையம். அதன் கனத்தில் காது தோளைப் பார்த்து இறங்கும்.

பெரியம்மைக்கு என்னைக் கோயிலில் விட மனமில்லை. ஏன் என்று அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. ஆனால் எனக்கு இழுப்பு நோய் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கோயில் மானேஜர் தெருவில் வந்தால் என்னைக் கிள்ளுவாள்.

"இருமு ஏட்டி."

நான் இருமுவேன். அவர் தள்ளி நின்று கேட்பார். "இன்னுமா செண்பகம் சீக்கு மாறல்ல?"

"மாறும் ஏமானே. மாறினதும் கொண்டாறேன்."

அவர் போனதும் குணுக்கைத் துடைத்து எனக்கு மாட்டுவாள். காது வளராவிட்டால் சந்தேகம் வந்துவிடும். இப்படி நாலைந்து வருஷம் ஓடியது. எனக்கு இருமல் நன்றாகவே வந்தது.

பெருவிரல்

எஸ்தர் டீச்சர் மார்த்தாண்டத்துக்காரர். மெலிந்த உடம்பு. வெள்ளைச் சேலை. குடையைக் கம்பு மாதிரி ஊன்றி நடப்பார். எங்கள் ஊர்ப் பக்கம் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றது அவரிடம்தான்.

அந்தக் காலத்தில் மாதர் சங்கம் என்று கிளம்பியிருந்தார்கள். உபதேசியார் மனைவி, வக்கீல் மனைவி, அய்யாவழிக் குடும்பத்துக் கடைக்காரி ஒருத்தி, இப்படிப் பலர். கோயிலில் பெண்ணைப் பொட்டுக் கட்டுவதை அரசாங்கம் நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். அப்போது திருவிதாங்கூரை ஒரு மகாராணி ஆண்டு வந்தார். கேட்டால் நடக்கும் என்று அவர்களுக்கு ஒரு தைரியம்.

முதல் தடவை விண்ணப்பம் கொண்டுபோனார்கள். இது மத விஷயம், பார்க்கலாம் என்று பதில் வந்தது. நாலு பேர் கையெழுத்துக்கு இவ்வளவுதான் பதில் என்று டீச்சருக்குக் கோபம். ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். புதுக்கடைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவளிடம் கைநாட்டு வாங்கினார். இனயம் கடற்கரையில் மீன்காரிகளிடம் வாங்கினார். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்த மை. அந்தக் காகிதங்களை நான் பார்த்திருக்கிறேன். இனயத்துத் தாளில் பெருவிரல் பதிந்த இடத்தில் மீன் செதில் ஒட்டி மினுங்கியது.

கடைசியில் எங்கள் தெருவுக்கும் வந்தார். எழுதினதை வாசித்துக் காட்டினார். நடுவில் வேசித்தொழில் என்று ஒரு வார்த்தை வந்தது. இந்தப் பெண்கள் இருக்கிற வீடுகளை அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் வந்தது.

பெரியம்மை பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"டீச்சரம்மா, என்னைத் திட்டி எழுதிக்கிட்டு எனக்க பெருவிரலையே கேக்கியளே."

டீச்சர் முகம் சிவந்தது. "அக்கா, இது உங்களைப் பறைஞ்சதில்ல. வழக்கத்தைப் பறைஞ்சது."

"வழக்கத்துக்கா வீடு இருக்கு? எனக்கல்லா இருக்கு. வீட்டை எடுத்தா நான் எங்க போவேன்? உங்க வீட்டுக்கு வரட்டா?"

வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து பெரியம்மை சொன்னாள்.

"ஒரு வரி எழுதுங்கோ. இருக்கப்பட்டவளுக்குச் சாவது வரைக்கும் வீடும் சோறும் உண்டு. அதுக்கு ஈடா பிள்ளை கேக்கப்பிடாது. அதை எழுதினா விரல் வைக்கேன்."

டீச்சர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். அந்த வார்த்தையையும் வீட்டை எடுக்கும் வரியையும் அடித்தார். மை காயும் முன்னே பெரியம்மை விரலை அழுத்தினாள். அந்தத் தெருவில் விழுந்த முதல் கைநாட்டு அது.

எழுதினதைச் சங்கத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டத்தான் அந்த ஓலைக் கொட்டகைக் கூட்டம். பெரியம்மையும் வரவேண்டும் என்று டீச்சர் வண்டி அனுப்பினார்.

தட்டு

நாங்கள் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் பாயைத் தன் பக்கம் இழுத்தாள். பட்டுச்சேலை கட்டினவள்.

பெரியம்மை சொன்னாள். "இழுக்காதேயுங்கோ அம்மா. கிழிஞ்சா நாம ரெண்டு பேரும் தரையிலதான் இருக்கணும்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் பாயை விட்டுவிட்டாள்.

விண்ணப்பத்தைத் திருவனந்தபுரம் கொண்டுபோகிற செலவுக்குத் தட்டு அனுப்பினார்கள். வேதக்காரர் சபையில் காணிக்கைத் தட்டு வருமே, அந்த வழக்கம். சபையில் சேரும் பெண்கள் காதில் மூக்கில் கிடப்பதைக் கழற்றிப் போடுவதும் உண்டாம். அது எங்களுக்குத் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்த தட்டு வேறு. கோயிலில் தீபத்தட்டு முன்னால் வந்தால் வெறுங்கையோடு நிற்கக்கூடாது. ஒரு பூவாவது போட வேண்டும். பெரியம்மை நாற்பது வருஷம் தட்டு ஏந்தினவள். போடாமல் விடத் தெரியாத கை. அது மடியைத் தடவியது. பிறகு காதுக்குப் போனது.

அவள் தோடு வைக்கவில்லை. தட்டுக்குப் போட்டாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

டீச்சரோ, ஒரு குடிக்காரி எல்லோர் முன்னாலும் பழைய வாழ்க்கையைக் கழற்றிப் போட்டாள் என்று நினைத்தார். அதனால்தான் அழுதார். நல்ல மனதுதான்.

ஆனால் ஊரில் மூன்றாவது ஒரு அர்த்தம் இருந்தது.

தாக்கோல்

மறுநாள் காலையில் மானேஜர் கூப்பிட்டுவிட்டார். நானும் போனேன்.

"செண்பகம், தோடு வச்சாச்சாமே?"

"வைக்கல்ல ஏமானே. தட்டில போட்டேன்."

"கழத்தாமலா போட்டா?"

பெரியம்மை காதைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு காதும் வெறுசாத் தொங்குது. வச்சவ வச்சவதான். மார்கழிக் கொடியேத்துக்கு முன்னே பிள்ளையைக் கொண்டு நிறுத்து. முடியல்லேன்னா வீட்டுத் தாக்கோலைக் கொண்டா." தாக்கோல் என்றால் சாவி.

நான் இருமினேன்.

"நீ இருமாதேட்டி. வருசமெல்லாம் இருமி ஒருத்தியும் இப்பிடிக் கொழுக்க மாட்டா" என்றார்.

வெளியே வந்து தெப்பக்குளப் படியில் உட்கார்ந்தோம். பெரியம்மை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கைக்குப் புத்தி இல்லாமப் போச்சே" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு எழுந்து முந்தானையை உதறினாள்.

"வா. டீச்சரம்மா வீட்டுக்குப் போவோம்."

மார்த்தாண்டம்

அதுதான் என் முதல் பஸ். முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றினால்தான் கிளம்பும். பெட்ரோல் வாசனை எனக்குப் பிடித்துவிட்டது. தக்கலை தாண்டியதும் வயல் போய்த் தென்னையும் கமுகும் வந்தன. அவ்வளவு பயத்திலும் நான் வேடிக்கை பார்த்தேன். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

லீவு நாளில் டீச்சர் மார்த்தாண்டத்தில்தான் இருப்பார். வீடு சந்தைக்குப் பின்னால். காயப்போட்ட நல்லமிளகின் வாசனை. எங்களைக் கண்டதும் ஓடிவந்தார்.

"இரியுங்க அக்கா. வெள்ளம் குடிக்கியளா? காப்பி போடட்டா?"

கருப்பட்டிக் காப்பியும் அவித்த மரச்சீனியும் கொடுத்தார். பெரியம்மை வேதக்காரர் வீட்டில் கை நனைத்தது அன்றுதான். சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"தோட்டைத் தாருங்கோ."

டீச்சர் காப்பிச் செம்பைக் கீழே வைத்தார்.

"திருப்பிக் கேக்கியளா அக்கா? பின்னெயும் அந்தக் கோயிலுக்கா?"

"ஆமா."

"நான் உங்களை எவ்வளவு உயர்வா நினைச்சேன்."

"நினைச்சிட்டே இருங்கோ. தோட்டை மட்டும் தாருங்கோ." என்னைக் காட்டினாள். "எனக்க காது வெறுசா இருந்தா இவளுக்க காதில அதைப் போடுவினும். மார்கழி வரைக்கும்தான் தவணை."

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதே போச்சே அக்கா. நானாக்கும் தட்டை அனுப்பினது."

"எனக்கே தெரியல்ல. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

டீச்சர் எழுந்து தகரப் பெட்டியைத் திறந்தார். வெள்ளைத் துணியில் எல்லா நகைகளும் இருந்தன. இன்னும் விற்கவில்லை. தோட்டைப் பொறுக்கி எடுத்தார்.

"எங்க சபையில கழத்தினதைத் திரும்பப் போடப்பிடாது" என்றார்.

"எங்க கோயிலிலயும் அப்பிடித்தான். ஆனா நான் போடப் போறேன்."

பெரியம்மை கை நீட்டினாள். டீச்சர் கொடுக்கவில்லை. பக்கத்தில் வந்து, தன் விரலாலேயே ஒன்று ஒன்றாகக் காதில் திருகி மாட்டினார். எந்த நகையையும் கழற்றச் சொல்லிப் பிரசங்கம் செய்கிறவரின் கை.

"அடுத்த வாரமே திருவனந்தபுரம் போவுதேன். உங்க வரியை முதல் வரியா எழுதுதேன்" என்றார்.

உளுந்தங்களி

மறுநாள் காலைப் பூசைக்குப் பெரியம்மை விளக்கு எடுக்கப் போனாள். மானேஜர் வாசலில் மறித்தார்.

"வச்ச தோட்டைத் திரும்பப் போட்ட வழக்கம் உண்டா?"

"யாருக்க முன்னே வச்சேன் ஏமானே? அங்க சாமி இருந்தாரா? மகாராஜா இருந்தாரா? ஒரு பள்ளிக்கூட மணியும் கரும்பலகையும்தான் இருந்து. வழக்கத்தை நீங்களே சொல்லுங்கோ."

கூட நின்ற பூசை செய்யும் போற்றி தலையைக் குனிந்து சிரித்தார். மானேஜருக்கு வழக்கம் தெரியும். வழி விட்டார்.

தெருவில்தான் கேலி. "செண்பகம் திரும்பவும் சமைஞ்சிட்டாளாம். புட்டு அவியுங்கோ" என்று ஒருத்தி கத்தினாள்.

"புட்டு வேண்டாம் மக்கா. உளுந்தங்களி கிண்டு. முட்டு வலிக்கி நல்லது" என்றாள் பெரியம்மை.

முட்டு வலி உண்மை. அந்த வயதில் தோடு வைத்துவிட்டு உட்கார வேண்டியவள். எனக்காக நின்றாள். அந்த மார்கழி போனது. டீச்சர் திருவனந்தபுரம் போய் வந்தார். பார்க்கிறோம் என்றார்கள். மறுபடியும் போனார்கள். இன்னொரு மார்கழியும் வந்தது. திருவிழாவில் சுற்றி வரும்போது பெரியம்மை கால் மாற்றி வைக்க முடியாமல் தூணைப் பிடித்தாள். நான் சாயங்காலம் அவள் காலுக்குத் தைலம் தேய்ப்பேன். "நாளைக்கி நான் போவட்டா பெரியம்மே?" என்று ஒருநாள் கேட்டேன். தேய்த்த காலாலேயே எட்டித் தள்ளினாள்.

அதற்கு அடுத்த கோடையில் உத்தரவு வந்தது. கோயில் கிழக்கு வாசலில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கூட்டம். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் என்பதால் வழி விட்டார்கள். இனிக் கோயிலில் புதிதாக எந்தப் பெண்ணையும் எடுக்கக்கூடாது. அதை நான் வாசித்ததும் பெரியம்மை முழங்கையால் இடித்தாள்.

"அது கிடக்கட்டு. நம்ம வரி இருக்கா பாரு."

கடினமான சர்க்கார் பாஷை. விரல் வைத்துத் தேடினேன். கீழே இருந்தது. இருக்கிறவர்களுக்கு ஆயுள் வரைக்கும் அனுபவம் உண்டு. அதற்கு ஈடாகப் பெண் கேட்கப்படமாட்டாது.

"இருக்கு."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். சாயங்கால விளக்குக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

காது, மறுபடியும்

மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது வளர்த்த காதை அறுத்துத் தைப்பார்கள். டீச்சர்தான் கூட்டிப்போனார். தொங்கும் சதையை நறுக்கி எடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். கார்பாலிக் நெடி. வலித்தது. பெரியம்மை வெளியே வாகை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே பிறகு எனக்கு வேலை கிடைத்து முப்பது வருஷம் இருந்ததை முன்பே எழுதிவிட்டேன்.

கட்டு அவிழ்க்கும் முன்னே மாதர் சங்கத்தில் நன்றிக் கூட்டம் வைத்தார்கள். அதே ஓலைக் கொட்டகை. நாங்கள் போனோம். பாய் இழுத்த அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

அன்றும் தட்டு வந்தது. டீச்சருக்கு எங்களைப் பார்த்ததும் பயம். தட்டு எங்களைத் தாண்டிப் போகட்டும் என்று எழுந்து வந்தார். பெரியம்மை கையை நீட்டித் தட்டை நிறுத்தினாள். வலது காது. பிறகு இடது காது. மெதுவாகத்தான் கழற்றினாள்.

"அக்கா" என்றார் டீச்சர்.

"இந்தத் தடவை தெரிஞ்சுதான் போடுகேன். திருப்பிக் கேக்க வரமாட்டேன்."

"வந்தாலும் தரமாட்டேன்" என்றார் டீச்சர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்து தட்டு என் மடிக்கு வந்தது. காது இரண்டிலும் பஞ்சுக் கட்டு. கையில் வளையல் கூட இல்லை. என்னை அறியாமல் மடியைத் தடவினேன். நானும் அந்த வீட்டுப் பெண்தானே.

பெரியம்மை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த ஆளுக்குக் குடு பிள்ளே. ஒனக்குக் கழத்திப் போட ஒண்ணும் இல்ல. அதுக்குத்தானே இவ்வளவும்."